வளைந்த முதுகுக்குத் துணையாக ஒரு பிரேஸ்: பெரியவர்களின் பக்கவளைவுக்கு அறுவையில்லாச் சிகிச்சை

மனித முதுகெலும்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது கழுத்தில் முன்னோக்கியும் மார்புப் பகுதியில் பின்னோக்கியும் இடுப்பில் மறுபடியும் முன்னோக்கியும் மெல்ல வளைந்து செல்வது இயல்பு. பின்னாலிருந்து பார்த்தால் அது நேராக இருக்க வேண்டும். அவ்வாறு நேராக இராமல் இடப்புறமோ வலப்புறமோ வளைந்து, வளையும்போதே தன் அச்சில் முறுக்கியும் கொள்ளும் நிலையை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள்; தமிழில் இதை முதுகெலும்புப் பக்கவளைவு எனலாம். கூன் என்பது முதுகு பின்புறம் புடைத்து உடல் முன்னோக்கிக் குனியும் நிலை ஆதலால் அதுவும் இதுவும் ஒன்றல்ல. ஆயினும் முதுமையில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு வரும் குறை என்றே பக்கவளைவு பரவலாக அறியப்பட்டிருப்பதால், ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களிடமும் அது மிகுதியாக உண்டு என்பதும், அவர்களுக்கு அறுவை சிகிச்சை அல்லாத வழிகளும் உள்ளன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. அவ்வழிகளுள் ஒன்று பிரேஸ், அதாவது ஒருவரது உடலின் அச்சையெடுத்து வார்த்து, உடலைச் சுற்றி அணியும் தாங்கு கருவி. அது பெரியவர்களுக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைவும் அதன் அளவும்

முதுகெலும்பில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. இவற்றுக்கிடையே அதிர்வைத் தாங்கும் தட்டுகள் உள்ளன. டிஸ்க் என்று பொதுவழக்கில் சொல்லப்படுபவை இவையே. வளைவின் அளவை எக்ஸ்ரே படத்தில் கணிக்க, வளைவின் மேல்முனையில் மிகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் மேல்விளிம்பிலும், கீழ்முனையில் மிகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் கீழ்விளிம்பிலும் கோடுகள் இழுத்து, அவ்விரு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்கிறார்கள். இம்முறையை 1948இல் வகுத்துத் தந்த அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் காப் அவர்களின் பெயராலேயே அது காப் கோணம் எனப்படுகிறது. அக்கோணம் 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பக்கவளைவு என்று கொள்வது மரபு. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 60 வயதைக் கடந்த தன்னார்வலர்களுள் 68 விழுக்காட்டினருக்கு அத்தகைய வளைவு இருந்தது. எனவே முதுமையில் இது அரிய நோயன்று, அவர்களுள் பலருக்கு எந்தத் தொல்லையும் தராத மாற்றமே என்பதையும் சேர்த்து உணர வேண்டும்.

பெரியவர்களிடம் காணப்படும் வளைவு பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, இளமையில் நேராக இருந்த முதுகெலும்பில், வயதால் தட்டுகளும் முள்ளெலும்புகளை இணைக்கும் சிறு மூட்டுகளும் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து, அத்தேய்வின் பக்கமாக இடுப்புப் பகுதி சரிவது. இரண்டாவது, பதின்பருவத்தில் காரணம் தெரியாமல் தோன்றிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் மெல்லக் கூடிக்கொண்டே போவது. அமெரிக்காவின் அயோவாவில் வைன்ஸ்டைன், பொன்செட்டி என்னும் இரு மருத்துவர்கள் சிகிச்சை பெறாத நோயாளிகளைச் சராசரியாக 40 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983இல் வெளியிட்ட ஆய்வில், 68 விழுக்காடு வளைவுகள் எலும்பு முதிர்ந்த பின்னரும் கூடியிருந்தன. 30 டிகிரிக்குக் குறைந்தவை பெரும்பாலும் அப்படியே நின்றன, மார்புப் பகுதியில் 50 டிகிரியைத் தாண்டியவையோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் வளர்ந்தன. மூன்றாவது, வேறொரு குறையின் விளைவாக வருவது. கால்களின் நீளம் வேறுபடுவது, இடுப்பு மூட்டுக் கோளாறு, தசைகளைத் தாக்கும் நரம்பு நோய்கள் ஆகியவை இதில் அடங்கும்.

இம்மூன்றாம் வகை நம் நாட்டுக்குத் தனிப் பொருளுடையது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு, 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைகளில் போலியோவால், அதாவது இளம்பிள்ளை வாதத்தால், ஒரு காலோ உடலின் ஒருபக்கத் தசைகளோ தளர்ந்தவர்கள் இன்று நடுவயதிலும் முதுமையிலும் இருக்கிறார்கள். வலுவான தசைகள் ஒருபுறமும் தளர்ந்த தசைகள் மறுபுறமும் இருந்து பல்லாண்டுகள் இழுத்ததில் அவர்களுள் சிலருக்கு முதுகெலும்பும் வளைந்துவிட்டது. அவர்களின் கால்களுக்குக் காலிபர் எனப்படும் உலோகத் தாங்கிகளைச் செய்துகொடுத்த பட்டறைகளும் நம் நாட்டில் தாங்கு கருவிக் கலையை வளர்த்தன. 1966இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையமும், கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்னும் மத்திய அரசு நிறுவனமும் அந்தக் காலத்தில் தோன்றியவையே.

பிரேஸ் வந்த வழி

வளைந்த உடலை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் முயற்சி பழையது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, போர்க்கவசம் செய்யும் கொல்லர்களைக் கொண்டு, துளையிட்ட இரும்புத் தகட்டில் உடற்கவசம் செய்வித்தார். 1895இல் எக்ஸ்ரே கண்டறியப்படும் வரை கவசத்துக்குள் எலும்பு உண்மையில் நிமிர்ந்ததா என்று அறிய வழி இருக்கவில்லை. 1940களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வால்டர் பிளவுண்ட், ஆல்பர்ட் ஷ்மிட் ஆகியோர் இடுப்புக் கச்சிலிருந்து கழுத்து வளையம் வரை உலோகக் கம்பிகள் செல்லும் பிரேஸை உருவாக்கினார்கள். அறுவைக்குப் பின் பிளாஸ்டர் கட்டுக்கு மாற்றாகத் தொடங்கிய அது, பின்னர் அறுவையைத் தவிர்க்கும் கருவியாகவே பயன்பட்டது. 1970களில் பாஸ்டனில் ஜான் ஹால், வில்லியம் மில்லர் இருவரும் கழுத்து வளையத்தை நீக்கி, சட்டைக்குள் மறையும் பிளாஸ்டிக் பிரேஸை அமைத்தார்கள். அதே பத்தாண்டில் பிரான்சின் ஜாக் ஷெனோ, அழுத்தம் தரும் இடத்துக்கு எதிரே காலியிடம் விட்டு, உடல் அந்தக் காலியிடத்தை நோக்கித் தானே நகரும்படியான வடிவத்தைக் கொண்டுவந்தார்.

இவை யாவும் வளரும் பிள்ளைகளை மனத்தில் கொண்டு பிறந்தவை. பிள்ளைகளிடம் பிரேஸின் பயன் நன்கு நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பிரேஸ் அணிந்தவர்களுள் 72 விழுக்காட்டினருக்கும், அணியாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுள் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவைக்குரிய அளவை எட்டவில்லை. அங்கே பிரேஸ் வேலை செய்வதற்குக் காரணம், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் மீதான சுமையை அது மாற்றியமைப்பதாகும். வளர்ச்சி முடிந்த பெரியவரின் எலும்பில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பெரியவருக்கான பிரேஸ் வளைவை நிரந்தரமாக நிமிர்த்தும் கருவியன்று. அணிந்திருக்கும்போது உடலைத் தாங்கி, வலியைக் குறைத்து, சாய்ந்த நிலையைச் சற்றே சீராக்கி, சிலரிடம் வளைவு கூடும் வேகத்தையும் மட்டுப்படுத்தக்கூடிய கருவி. இந்த வேறுபாட்டை அணிபவரும் அவர் குடும்பத்தாரும் முதலிலேயே தெளிவாக அறிந்திருந்தால் பிற்பாடு வரும் ஏமாற்றங்களுள் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

வலி எங்கிருந்து வருகிறது, பிரேஸ் அதை எவ்வாறு தொடுகிறது

வளைவுள்ள பெரியவரின் வலிக்குக் காரணம் ஒன்றல்ல. சரியும் உடலை நிமிர்த்திவைக்க முதுகுத் தசைகள் இடைவிடாமல் உழைப்பதால் வரும் களைப்பு ஒன்று. வளைவின் உட்புறத்தில் நெருக்கப்படும் தட்டுகளும் சிறு மூட்டுகளும் தேய்வது மற்றொன்று. அங்கே நரம்புவேர்கள் அழுத்தப்பட்டுக் காலுக்குள் இறங்கும் வலியும் மரப்பும் வேறொன்று. பக்கவாட்டுச் சாய்வைவிட உடல் முன்னோக்கிச் சாய்ந்துபோவதே மிகுந்த துன்பத்துக்குக் காரணம் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. இடுப்பின் இயல்பான உள்வளைவு தட்டையாகும்போது தலை இடுப்புக்கு முன்னால் போய்விடுகிறது. நிமிர்ந்து நிற்பதற்கே முழங்காலை மடக்கி நிற்க வேண்டியதாகிறது. இத்தகையவர்கள் படுத்தால் ஆறுதலாகவும், நின்றால் சில நிமிடங்களிலேயே தாங்க முடியாத வலியாகவும் உணர்வது இதனால்தான்.

பிரேஸின் அடிப்படை, மூன்று புள்ளி அழுத்தம் எனப்படும் எளிய விதி. வளைந்த மூங்கில் கழியை நிமிர்த்த இரு முனைகளையும் கைகளால் பிடித்துக்கொண்டு நடுப்பகுதியை முழங்காலால் எதிர்த்திசையில் அழுத்துவதைப் போலவே, பிரேஸும் வளைவின் புடைத்த பக்கத்தில் ஓரிடத்திலும், அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு இடங்களிலும் அழுத்துகிறது. இத்துடன் வயிற்றைச் சுற்றி இறுகப் பிடிப்பதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, முதுகெலும்பின் சுமையில் ஒரு பங்கைக் குறைக்கிறது. இடுப்பின் உள்வளைவை மீட்கும்படி பின்புறம் வடிவமைக்கப்பட்டிருந்தால் முன்சாய்வும் குறைகிறது. பிள்ளைகளின் பிரேஸைப் போல வலிந்து திருத்தும் அழுத்தத்தைப் பெரியவரின் விறைத்த முதுகும் மெலிந்த தோலும் தாங்கா. அதனால் இதில் தாங்குவதே முதன்மை, திருத்துவது அடுத்தபடியே.

ஒரு பிரேஸ் உருவாகும் விதம்

பிரேஸ் செய்பவர் ஆர்த்தாட்டிஸ்ட் எனப்படும் தாங்கு கருவி வல்லுநர். இந்தியாவில் இத்தொழிலைச் செய்வோர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் முதலில் எக்ஸ்ரே படத்தைப் படித்து, வளைவின் உச்சி எந்த முள்ளெலும்பில் உள்ளது, முறுக்கு எந்தப் பக்கம், படுத்தால் வளைவு எவ்வளவு தளர்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். பின் நோயாளிக்கு உடலோடு ஒட்டிய மெல்லிய பருத்திக் குழாய்த் துணியை அணிவித்து, இடுப்பெலும்பின் முனைகள், விலாவின் கீழ்விளிம்பு முதலிய எலும்பு மேடுகளை அழியா மைப் பென்சிலால் குறித்து, தண்ணீரில் நனைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணிச்சுருளை இடுப்பிலிருந்து மார்பு வரை சுற்றுகிறார். பிளாஸ்டர் இறுகும் சில நிமிடங்களுக்குள் இரு கைகளாலும் அதை அழுத்தி, உடல் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்த நிலையில் நிறுத்திப் பிடிப்பதே இப்பணியின் உயிர்நாடி. இறுகிய கூட்டை வெட்டிக் கழற்றி, நடுவே இரும்புக் கம்பி நட்டு, பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் நோயாளியின் உடற்பகுதி வெண்ணிற வார்ப்பாகக் கிடைக்கிறது. குறித்திருந்த மைப் புள்ளிகளும் அதில் பதிந்திருக்கும்.

அவ்வார்ப்பை அப்படியே பயன்படுத்துவதில்லை. அழுத்தம் வேண்டிய இடத்தில் அரத்தால் இழைத்துப் பள்ளமாக்கியும், எலும்பு மேடுகளுக்கும் மூச்சுக்கும் இடம் வேண்டிய இடத்தில் பிளாஸ்டரைப் பூசி மேடாக்கியும் வடிவத்தைத் திருத்துகிறார்கள். பிறகு பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் தகட்டை அடுப்பில் இளகும் வரை சூடாக்கி வார்ப்பின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்தால் தகடு வார்ப்போடு ஒட்டி அதன் வடிவை ஏற்கிறது. ஆறியதும் வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கி, உட்புறம் பஞ்சுத்தகடும் வெளிப்புறம் வெல்க்ரோ பட்டைகளும் பொருத்துகிறார்கள். உடலைக் கேமராவால் ஸ்கேன் செய்து கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தால் வார்ப்பைச் செதுக்கும் முறையும் இப்போது உண்டு. ஆயினும் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்ற முடிவு வல்லுநரின் அறிவைச் சார்ந்தே நிற்கிறது. முதல்முறை அணிவித்து அரைமணி நேரம் கழித்துக் கழற்றிப் பார்க்கையில், அழுத்தம் பட்ட தோலில் இளஞ்சிவப்பு தெரிவது இயல்பு. அது அரைமணி நேரத்துக்குள் மறையாவிட்டாலோ எலும்பு மேட்டின் மேல் தெரிந்தாலோ பிரேஸைத் திருத்தியாக வேண்டும்.

சான்றுகள் சொல்வது

பெரியவர்களுக்கான பிரேஸ் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. 2007இல் அறுவையில்லாச் சிகிச்சைகள் அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை, சான்றுகள் மிக மெலிந்திருப்பதாகவே முடிவு கூறியது. அதன் பின் வந்தவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2017இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, வளைவு கூடிக்கொண்டிருந்த 38 பெரியவர்களுக்கு, உடலுக்கேற்ப வார்த்த இடுப்புப் பிரேஸை நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம் அணியச் செய்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 1.28 டிகிரியாக இருந்த வளர்ச்சி 0.21 டிகிரியாகக் குறைந்ததைக் காட்டியது. 2018இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 30 டிகிரிக்கு மேற்பட்ட வளைவும் நாள்பட்ட முதுகுவலியும் உடைய 20 பெண்கள் நாளுக்கு 2 முதல் 4 மணி நேரம் பிரேஸ் அணிந்து ஒரு மாதத்தில் வலி குறையப் பெற்றனர். இரண்டிலும் பிரேஸ் அணியாதவர்களின் ஒப்பீட்டுக் குழு இல்லை. எனவே இவை நம்பிக்கையூட்டும் முதற்படிகளேயன்றி இறுதித் தீர்ப்பாகா. ஒரு பிரேஸை விற்பவர் வளைவு மறைந்துவிடும் என்று உறுதி கூறினால், அவ்வுறுதிக்கு மருத்துவ ஆய்வில் ஆதாரம் இல்லை என்பதை நோயாளி தயங்காமல் நினைவில் கொள்ளலாம்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு நாளும் பிரேஸும்

எந்தச் சிகிச்சையும் அது வாழப்படும் இடத்தின் வெப்பத்தையும் உடையையும் பழக்கங்களையும் சந்தித்தாக வேண்டும். சென்னையின் ஆழ்வார்பேட்டையிலும் அதையடுத்த மயிலாப்பூரிலும் பல ஆண்டுகளாக வாழும் மூத்த குடும்பத்தினரின் அன்றாடத்தை எடுத்துக்கொண்டால், காலையில் வாசலில் குனிந்து கோலமிடுவது, நாகேஸ்வரராவ் பூங்காவில் நடப்பது, தண்ணித்துறை மார்க்கெட்டில் நின்று காய்கறி வாங்குவது, அடுப்பின் முன் ஒரு மணி நேரம் நிற்பது, கபாலீசுவரர் கோயில் வரிசையில் காத்திருப்பது, மார்கழியில் மியூசிக் அகாதெமியில் ஒரு முழுக் கச்சேரியை உட்கார்ந்து கேட்பது ஆகியவை வளைந்த முதுகுக்கு வெவ்வேறு சோதனைகள். இவற்றுள் நிற்பதும் நடப்பதுமே பெரும்பாலோர்க்கு வலி தருபவை என்பதால், பிரேஸை அந்த நேரங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்வதே அறிவுடைமை. தரையில் அமர்வதற்கும் குனிவதற்கும் அது இடையூறாகும்; அவ்வேளைகளில் கழற்றிவைப்பதில் தவறில்லை. பெரியவர்கள் பிள்ளைகளைப் போல இரவும் பகலும் அதை அணிய வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரத்தில் தொடங்கி, தோலும் தசையும் பழகப் பழக, மருத்துவர் குறிக்கும் சில மணி நேரங்களுக்கு உயர்த்தினால் போதும்.

சென்னையின் கோடை இதற்குப் பெரிய எதிரி. மே மாதத்துப் புழுக்கத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கின் அடியில் வியர்வை தேங்கி வேர்க்குருவும் படையும் வருகின்றன. தையல் மடிப்பில்லாத பருத்திப் பனியனைப் பிரேஸுக்கு உள்ளே அணிவதும், நனைந்தவுடன் மாற்றுவதும், பிரேஸின் உட்புறத்தை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதும், வெயிலேறுவதற்கு முந்தைய காலையையும் வெயில் தாழ்ந்த மாலையையும் அணியும் நேரமாகக் கொள்வதும் இங்கே சிகிச்சையின் பகுதிகளே. புடவை உடுத்துவோர் உள்பாவாடையின் நாடாவைப் பிரேஸின் அடியில் இறுக்கினால் அது தோலில் புண்ணாகும்; பிரேஸின் மேல் கட்டுவதே சரி. வெப்பத்தைப் பொருட்படுத்தாமல் வடிவமைக்கப்பட்ட பிரேஸ் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் ஒரு வாரத்தில் அலமாரிக்குள் போய்விடும். அணியப்படாத பிரேஸால் பயன் ஏதுமில்லை.

மருந்துக்கடைகளில் கிடைக்கும் இடுப்பு பெல்ட்டும் இத்தகைய பிரேஸும் ஒன்றல்ல. பெல்ட் இடுப்பைச் சுற்றிச் சமமாக இறுக்குவது. சாதாரண முதுகுப்பிடிப்புக்குச் சில நாள் உதவும். வளைவின் திசையறிந்து அழுத்தும் வேலையை அதனால் செய்ய முடியாது. தனியார் மருத்துவமனைகளுக்கு அப்பால், கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்புகளும் தாங்கு கருவிகளும் செய்யும் பட்டறை உண்டு என்பதும், முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட, பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் மறுவாழ்வுப் பணிகளுக்கென்றே இயங்குவதும் நகரத்தார் அறிந்துகொள்ள வேண்டியவை. செலவுக்கு அஞ்சி, பொருந்தாத பெல்ட்டோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ள வேண்டியதில்லை.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

பிரேஸை நாள் முழுதும் கழற்றாமல் அணிந்தால் முதுகைத் தாங்க வேண்டிய தசைகள் உழைப்பை மறந்து தளரும். ஆதலால் உடற்பயிற்சி இல்லாத பிரேஸ் அரைச் சிகிச்சையே. ஜெர்மனியில் 1921இல் கத்தரீனா ஷ்ரோத் தொடங்கிய, மூச்சை வளைவின் குழிந்த பக்கத்துக்குச் செலுத்தி உடலை நிமிர்த்தப் பழக்கும் பயிற்சி முறையைச் சென்னையிலும் பிசியோதெரபிஸ்டுகள் சிலர் கற்றுத்தருகிறார்கள். அதுவோ, நடையும் முதுகு, வயிற்றுத் தசைகளுக்கான எளிய பயிற்சிகளுமோ, எதுவாயினும் விடாமல் செய்வதே முக்கியம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுவிழக்கும் எலும்புப்புரை நோய் உண்டா என்று முன்னதாகவே சோதிக்க வேண்டும். வலு குன்றிய எலும்பில் தோன்றும் நொறுங்கல் முறிவு வளைவைத் திடீரென்று கூட்டிவிடும், பிரேஸின் அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சல், மூச்சுக் குறைவு, பெரிய குடலிறக்கம் உடையவர்களுக்கு வயிற்றை இறுக்கும் பிரேஸ் ஒவ்வாமல் போகலாம்.

கால்கள் வலுவிழப்பது, பாதம் தரையில் இழுபடுவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி மங்குவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அடையாளங்கள். இவற்றுக்குப் பிரேஸ் மருந்தன்று, தாமதமின்றி முதுகெலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுவை சிகிச்சையும் தள்ளத்தக்கதன்று. உரியவர்களுக்கு அது பெரும் ஆறுதல் தருகிறது. ஆயினும் மூத்தோரிடம் அது பெரிய அறுவை, சிக்கல்களும் மிகுதி என்பதால், இதய நோயோ நீரிழிவோ முதுமையோ குறுக்கே நிற்பவர்களுக்கும், வலி இன்னும் அந்த எல்லையை எட்டாதவர்களுக்கும் பிரேஸ் பொருளுள்ள நடுவழியாகிறது.

இவ்வழியில் பயனை எதைக் கொண்டு அளப்பது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். பெரியவரின் எக்ஸ்ரேயில் டிகிரி குறைந்ததா என்று மட்டும் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். வலியின்றி எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை தெரு நடக்க முடிகிறது, இரவில் எத்தனை வலி மாத்திரை தேவைப்படுகிறது என்பவற்றைப் பிரேஸ் அணியத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவைத்து, ஓரிரு மாதங்களுக்குப் பின் அதே கேள்விகளுக்கு விடை எழுதி ஒப்பிட வேண்டும். பயன் தெரிந்தால் தொடரலாம். தெரியாவிட்டால் பிரேஸைத் திருத்தவோ கைவிடவோ மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. வயதானால் முதுகு வளையத்தான் செய்யும் என்று வீட்டிலுள்ளோர் ஒதுக்கிவிடும் ஒரு வலிக்கு, அளந்து, வார்த்து, திருத்தி, தொடர்ந்து கவனிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்பதையும், அதனை நாடும் தகுதி ஒவ்வொரு மூத்தவருக்கும் உண்டு என்பதையும் குடும்பங்களும் மருத்துவர்களும் ஒருசேர ஏற்க வேண்டும்.